ஹஸ்கிக்கு இழுவை ஹார்னஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் கயிற்றின் மறுமுனையைப் பாருங்கள்

ஹார்னஸ் என்பது நாயின் உடம்பில் மாட்டுகிற பட்டைக்கச்சை. கடையில் எல்லா ஹார்னஸும் ஒரே சுவரில்தான் தொங்கும். நடக்கக் கூட்டிப்போக ஒன்று, காரில் கட்டிவைக்க ஒன்று, இழுக்க ஒன்று என்று யாரும் பிரித்து எழுதி வைப்பதில்லை. முதல் தடவை நான் போனபோது, இருந்ததிலேயே தடித்ததாக, உள்ளே பஞ்சு வைத்ததாக, முதுகில் கைபிடி உள்ளதாக ஒன்றை எடுத்தேன். பார்க்க உறுதியாக இருந்தது, விலையும் அதற்கேற்ற மாதிரி. விற்றவரும் "ஹஸ்கிக்கு இதுதான் சரி" என்றார். இரண்டே வாரத்தில் ஜிம்மியின் இரண்டு அக்குளிலும் மயிர் தேய்ந்து, தோல் சிவந்துவிட்டது.

ஜிம்மி எங்கள் வீட்டு சைபீரியன் ஹஸ்கி. பெட்டை, 20 கிலோ. ஒஸ்லோவில் பிறந்த ஹஸ்கிக்கு யாழ்ப்பாணத்து முற்றத்து நாயின் பெயரா என்று கூட்டாளிகள் இன்னும் சிரிக்கிறார்கள். இருக்கட்டும். அவளோடு ஓடியும், சைக்கிள் விட்டும், ஸ்கீயில் விழுந்தெழும்பியும், தவறான ஹார்னஸ்களுக்குக் காசு கொட்டியும் கற்றதை இங்கே எழுதுகிறேன். ஹஸ்கி, மலமூட், சமோயெட் என்று இழுவை இன நாய் ஒன்று வீட்டில் இருந்து, "இது சும்மாவே என்னை இழுக்கிறதே, முறையாக இழுக்க விட்டால் என்ன" என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி நாயைப் பற்றியதே அல்ல. நாய்க்குப் பின்னால் என்ன வரப்போகிறது? உங்கள் இடுப்பா, சைக்கிளா, பனியில் சறுக்கும் வண்டியா? கயிறு போய்ச் சேரும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கயிறு மேலே போகிறதா, நேராகப் போகிறதா

இழுவை நாய் கழுத்தால் இழுப்பதில்லை. நெஞ்சை முன்னால் தள்ளி, பின்னங்கால்களால் உந்துகிறது. நெஞ்செலும்பில் விழும் பாரம் விலாவின் இரு பக்கமும் ஓடி, பின்னால் கயிற்றில் போய்ச் சேர வேண்டும். அந்தக் கோடு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மாட்டுவண்டி பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. நுகம் உட்காரும் இடம் பிசகினால் மாட்டின் கழுத்தில் புண் வரும். நாய்க்கும் அதே கணக்குத்தான், புண் வரும் இடம்தான் வேறு.

ஆண் ஹஸ்கியின் தோள் உயரம் 53 முதல் 60 சென்டிமீட்டர். உங்கள் இடுப்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டர் கயிற்றை இரண்டுக்கும் நடுவில் கட்டினால் அது மேல்நோக்கித்தான் போகும். பனிவண்டியில் கட்டினால் கயிறு நாயின் முதுகைவிடத் தாழ்வாக, தரையை ஒட்டிப் போகும். சைக்கிளும் நாய்களுக்கென்று வரும் ஸ்கூட்டரும் இந்த இரண்டுக்கும் இடையில். ஒரே ஹார்னஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தாமல் போவதன் காரணம் இந்தக் கோணம்தான்.

பனிவண்டிப் படங்களில் நீங்கள் பார்ப்பது முழுநீள ஹார்னஸ். முதுகில் பட்டைகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கே போய், வால் அடியில் ஒரு வளையத்தில் முடியும். ஆங்கிலத்தில் எக்ஸ்-பேக் என்பார்கள். நோர்வேயில் இந்த முழுநீள வகைக்கு நோமேசேலே என்று பெயர். சேலே என்றால் ஹார்னஸ், முன்னால் இருப்பது அலாஸ்காவின் நோம் நகரம். 1925 ஜனவரி கடைசியில் புறப்பட்டு, பிப்ரவரி தொடக்கத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து கொண்டு நாய்வண்டிகள் மாறி மாறி ஓடிச் சேர்ந்த அதே நோம். அந்த ஓட்டத்தில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓட்டிய லியோன்ஹார்ட் செப்பாலா வட நோர்வேயில் பிறந்தவர். அவருடைய முன்னணி நாய் தோகோ.

சரி, ஹார்னஸுக்கு வருவோம். முழுநீளம் அற்புதமானது, கயிறு தாழ்வாகப் போகும் வரைக்கும். நான் செய்த இரண்டாவது பிழை, அதை மாட்டிவிட்டுக் கயிற்றை என் இடுப்பில் கட்டியது. கயிறு மேலே இழுக்க, வால் அடியில் படிந்திருக்க வேண்டிய வளையம் முதுகை விட்டு எழும்பி நின்றது. பின்பக்கம் எழும்பியதும் முன்பக்கப் பட்டை தொண்டைக்கு ஏறியது. 300 மீட்டர்கூடப் போகவில்லை, ஜிம்மி இருமத் தொடங்கிவிட்டாள்.

நாயோடு சேர்ந்து ஓடுகிறீர்களா? இந்த விளையாட்டின் பெயர் கேனிகிராஸ். இதற்கு விலாவின் நடுப்பகுதியோடு முடிகிற குட்டை ஹார்னஸ் பொருந்தும். கயிறு மேலே போனாலும் இடுப்பையும் வாலையும் அது தொடாது. சைக்கிளுக்கும் இதுவே போதும். குட்டைக்கும் முழுநீளத்துக்கும் நடுவில் இன்னொரு வகை உண்டு. வால் வரைக்கும் வரும், ஆனால் முதுகு திறந்திருக்கும், பின்பக்க நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நோர்வே நிறுவனமான நான்-ஸ்டாப் டாக்வேரின் ஃப்ரீமோஷன் இந்த வகை. ஓட்டம், சைக்கிள், ஸ்கீ மூன்றையும் ஒரே ஹார்னஸில் செய்ய நினைக்கிற புதியவர்களுக்கு நான் இந்த வகையைத்தான் சொல்வேன். பனிவண்டி ஓட்டப் போவதில்லை என்றால் முழுநீளத்துக்கு ஆசைப்படாதீர்கள். படத்தில் அழகாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது.

மலமூட் வைத்திருப்பவர்கள் கனமான பாரம் இழுக்க விடுவதுண்டு. அதற்குப் பட்டை அகலமான, பின்னங்கால்களுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கட்டை வைத்த பார ஹார்னஸ் தனியாக இருக்கிறது. கட்டை இருப்பதால் இரு பக்கப் பட்டைகளும் கால்களை உரசாது. ஓடுவதற்கு அதை மாட்டக்கூடாது. பனியில் சாமான் ஏற்றிப் போகும் புல்க் வண்டிக்கு இரு பக்கமும் கம்பு பூட்டுகிற ஹார்னஸ் உண்டு. அது பிறகு பார்க்க வேண்டிய விஷயம்.

இனி, சுவரில் தொங்கினாலும் தொடக்கூடாதவை. நெஞ்சின் முன்னால் வளையம் வைத்தது, நாய் இழுக்காமல் இருக்கச் செய்யப்பட்டது. இழுத்தால் நாயைப் பக்கவாட்டில் திருப்பும். நெஞ்சுக்குக் குறுக்கே படுக்கையாக ஒரே பட்டை போகிற வகையும் வேண்டாம். அது தோள்மூட்டின் மேல் விழுந்து முன்னங்காலை முழுவதும் வீச விடாது. நான் முதலில் வாங்கிய தடித்த ஹார்னஸ் இந்த ஜாதிதான். நாயின் முன்னால் நின்று பார்த்தால், நல்ல ஹார்னஸின் முன்பகுதி ஆங்கில ஒய் எழுத்துப்போல நெஞ்செலும்பு வழியாக இறங்கி, முன்னங்கால்களுக்கு நடுவே போகும். இந்த ஒன்றைப் பார்த்தாலே சுவரில் இருப்பதில் பாதி கழிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் வயது

குட்டியை இழுக்க விடாதீர்கள். எலும்பு வளர்ச்சி முடியும் வரைக்கும் பாரம் கூடாது. ஹஸ்கிக்கு ஒரு வயதாவது தாண்ட வேண்டும், மலமூட் போன்ற பெரிய உடம்புக்கு ஒன்றரை வயதுவரை பொறுப்பது நல்லது. மிருக வைத்தியரிடம் இடுப்பையும் மூட்டுகளையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதுவரை மலிவான ஹார்னஸ் ஒன்றை மாட்டி, பாரம் இல்லாமல் நடத்திப் பழக்கலாம். வலம், இடம், நில் என்ற சொற்களை இந்த நாட்களிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம். விலை கூடிய ஹார்னஸை வளர்கிற நாய்க்கு வாங்கினால் நாலு மாதத்தில் இன்னொன்று வாங்க வேண்டிவரும்.

அளவெடுப்பது

தையற்காரர் வைத்திருக்கிற அளவு நாடா போதும். நாய் நின்றுகொண்டிருக்க வேண்டும், இன்னொருவர் முன்னால் நின்று பேச்சுக் கொடுக்க வேண்டும். தனியாக அளக்கப் போனால் நாடாவின் ஒரு முனை அதன் வாயில் இருக்கும்.

முதல் அளவு கழுத்து. பெரும்பாலானோர் பிழை விடுவது இங்கேதான். சாதாரணக் கழுத்துப்பட்டி இருக்கும் இடத்தில் அளக்கக்கூடாது. கழுத்து உடம்போடு சேரும் அடிப்பகுதியில், பின்னால் தோள்பட்டைகள் கூடும் மேட்டிலிருந்து முன்னால் நெஞ்செலும்பின் மேல்நுனிவரை நாடா சுற்றி வர வேண்டும். அந்த நுனியை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். தொண்டைக் குழிக்குக் கீழே, சின்னக் கொட்டைபோலத் தட்டுப்படும். ஜிம்மியின் கழுத்துப்பட்டி 40 சென்டிமீட்டர், கழுத்தின் அடி 47. பட்டியின் அளவைக் கொடுத்து நான் வாங்கிய ஒன்று அவள் தலைக்குள்ளேயே போகவில்லை.

இரண்டாவது நெஞ்சுச் சுற்றளவு, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், விலா அகலமாக இருக்கும் இடத்தில். மூன்றாவது முதுகு நீளம், தோள்மேட்டிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை. குட்டை ஹார்னஸுக்கு இந்த மூன்றாவது அவ்வளவு முக்கியமில்லை, முழுநீளத்துக்கு இதுதான் உயிர்.

ஹஸ்கியின் ரோமம் இரட்டை அடுக்கு. நாடாவை மேலாகச் சுற்றினால் மயிரைத்தான் அளப்பீர்கள். உள்ளே தோல்வரை அழுத்தி எடுங்கள். வசந்தத்தில் உள்ரோமம் கொத்துக்கொத்தாகக் கொட்டிய பிறகு அளந்தால் ஓரிரண்டு சென்டிமீட்டர் குறையும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்புறம், ஒரு நிறுவனத்தின் அளவு எண்ணை இன்னொரு நிறுவனத்திடம் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொருவரும் தங்கள் அட்டவணையை வேறு வேறு இடத்தில் அளந்து செய்திருக்கிறார்கள்.

"ஹஸ்கி என்றால் மீடியம்" என்று சொல்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே ஒன்று ஒடுங்கிய நெஞ்சோடும் இன்னொன்று பீப்பாய்போலவும் இருக்கும்.

மாட்டிப் பார்ப்பது

ஹார்னஸ் தலைவழியாகப் போகும்போது கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். காதை மடக்கி, ஒரு பக்கமாகத் திருப்பி, "அம்மா, கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டுதான் போட வேண்டும். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அது பெரிசு. புதியவர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள், கழுத்து நெரியாதா என்று. நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு அளவு கூட்டி வாங்கினேன். கழுத்து பெரிசானால் என்ன நடக்கிறது தெரியுமா? நாய் இழுக்கும்போது முழு ஹார்னஸும் பின்னால் சறுக்கி, முன்பட்டை தோளின் மேல் விரிந்து விழுகிறது. பாரம் நெஞ்செலும்பில் உட்காராமல் ஓடுகிற மூட்டில் உட்காருகிறது. தலையைத் தாண்டியபின் கழுத்தடியில் இரண்டு விரல் தட்டையாக நுழைந்தால் சரியான அளவு.

இப்போது முக்கியமான சோதனை. நின்றுகொண்டிருக்கும் நாயில் ஹார்னஸ் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சும்மா நிற்கும்போது நல்ல இழுவை ஹார்னஸ் தொளதொளவென்றுதான் தெரியும். அது இழுக்கத் தைத்தது. ஒருவர் முன்னால் தீனியோடு நிற்கட்டும். நீங்கள் பின்னால் குந்தி, வளையத்தைப் பிடித்து, உண்மையில் கயிறு போகப்போகிற அதே உயரத்திலிருந்து இழுங்கள். ஓடப் போகிறீர்கள் என்றால் எழும்பி நின்று இடுப்பு மட்டத்தில் பிடியுங்கள். நாய் முன்னால் சாய்ந்து இழுக்கும்போது கையால் தடவிப் பாருங்கள்.

முன்னால், பட்டைகள் சேரும் முனை நெஞ்செலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதா? அது மேலே ஏறி மெத்தென்ற தொண்டையில் கிடந்தால் ஹார்னஸ் சின்னது, அல்லது கோணம் பிழை. அடுத்தது அக்குள். பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவில் மூன்று நாலு விரல் இடம் இருக்க வேண்டும். காலை முன்னும் பின்னுமாக நீங்களே ஆட்டிப் பாருங்கள், எங்காவது பட்டையில் முட்டுகிறதா என்று. பிறகு பக்கவாட்டுப் பட்டை. அது விலாவின் மேல் படுக்க வேண்டும். கடைசி விலா எலும்பைத் தாண்டி மெத்தென்ற வயிற்றை அழுத்தினால் வேண்டாம். முழுநீளமாக இருந்தால் வளையம் வால் அடியில் வந்து நிற்க வேண்டும். வாலைத் தாண்டித் தொங்கினால் நீளம், இடுப்பிலேயே நின்றால் குட்டை, முதுகை அமுக்கும்.

இதையெல்லாம் கடையிலேயே செய்ய விடுவார்களா என்றால், நல்ல கடையில் விடுவார்கள். இணையத்தில் வாங்கினால் வீட்டுக்குள், சுத்தமான நாயில், விலைச்சீட்டைக் கழற்றாமல் செய்து பாருங்கள். ஒரு மயிர் ஒட்டியிருந்தாலும் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹஸ்கியின் ஒரு மயிர் ஒட்டாமல் இருப்பது எப்படி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

துணியைப் பற்றி அதிகம் மண்டையைக் குழப்ப வேண்டாம். நெஞ்சிலும் கழுத்திலும் மெத்தை இருக்க வேண்டும். அந்த மெத்தை தண்ணீர் குடிக்காததாக இருந்தால் நல்லது. கம்பளிபோன்ற துணியில் ஈரப்பனி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். இருட்டுக்காலம் நீண்ட நாடுகளில் இருப்பவர்கள் ஒளி பட்டால் மின்னுகிற நூல் ஓடுகிறதா என்று பாருங்கள். நிறம் உங்கள் இஷ்டம்.

கயிறும் இடுப்புப்பட்டியும்

ஹார்னஸுக்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டு, சாதாரண நடைக்கயிற்றில் கட்டினால் எல்லாம் வீண். நடுவில் எலாஸ்டிக் உள்ள, நீட்டினால் இரண்டு மீட்டர் வருகிற கயிறு வேண்டும். நாய் திடீரென்று பாயும்போது அதிர்ச்சி உங்கள் முதுகெலும்புக்கும் போகாது, நாயின் நெஞ்சுக்கும் போகாது. சைக்கிளுக்குக் கயிறு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் நாயின் வாலை முட்டும். இடுப்புப்பட்டி இடுப்பெலும்பில் தாழ்வாக உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. அதில் அவசரத்துக்குச் சட்டென்று கழற்றுகிற கொக்கி இருந்தால் நல்லது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஓடுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். விரல் உங்களுடையது.

இன்னொன்று: பாரம் இல்லாமல் நிற்கும்போது இழுவை ஹார்னஸிலிருந்து பின்னால் நழுவி வெளியே வந்துவிட ஹஸ்கிக்கு இரண்டு விநாடி போதும். கார் நிறுத்துமிடத்தில் ஜிம்மி அதை எனக்குச் செய்து காட்டினாள். ஓடத் தொடங்கும்வரை கழுத்துப்பட்டியில் தனிக்கயிறு இருக்கட்டும். ஆனால் அந்தப் பட்டியால் இழுக்க விடாதீர்கள். நோர்வேயில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாயைக் கட்டாமல் விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. என்னைக் கேட்டால், ஹஸ்கி வைத்திருப்பவர்களுக்கு அது வருஷம் முழுக்க.

முதல் வாரங்கள்

முதல் நாள் வீட்டுக்குள் மாட்டி, தீனி கொடுத்து, கழற்றிவிடுங்கள். அவ்வளவுதான். பிறகு சின்னதாக ஒரு கட்டையையோ பழைய டயரையோ பின்னால் இழுக்க விட்டு, பின்னால் ஏதோ வருகிற சத்தத்துக்குப் பழக்குங்கள். ஓட்டம் என்றால் முதல் தடவை ஒரு கிலோமீட்டர் போதும். நடைக்குப் போகும்போது ஒரு ஹார்னஸ் அல்லது பட்டி, இழுப்பதற்கு வேறொன்று என்று பிரித்து வைத்தால், எப்போது இழுக்கலாம், எப்போது கூடாது என்று நாய்க்குத் தெளிவாகிவிடும். இரண்டுக்கும் ஒன்றையே மாட்டினால் கடைத்தெருவிலும் அது உங்களை இழுத்துக்கொண்டுதான் போகும்.

வெயில் விஷயத்தில் கறாராக இருங்கள். வெப்பநிலை 15 டிகிரியைத் தாண்டினால் நான் இழுக்க விடுவதில்லை. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அதற்கும் கீழேயே நிறுத்திவிடுவேன். ஓடுகிற ஹஸ்கி தன் சூட்டிலேயே வெந்துபோகும். சென்னையிலும் கொழும்பிலும் ஹஸ்கி வளர்ப்பவர்கள் கேட்டால், இந்த விளையாட்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மார்கழிக் காலையில்கூட அங்கே 20 டிகிரி இருக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹார்னஸைக் கழற்றியதும் இரண்டு அக்குளையும் நெஞ்சையும் விரலால் மயிரை விலக்கிப் பாருங்கள். புண் வருவதற்கு முன்னால் மயிர் ஒடியும். நுனி வெட்டுப்பட்ட மாதிரிக் குட்டையாகத் தெரியும். அந்தக் கட்டத்திலேயே பட்டையை மாற்றினால் தோல் தப்பும். ஓடும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. நாய் நண்டுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறதா, இருமுகிறதா, அடிக்கடி திரும்பி ஹார்னஸைக் கடிக்கப் பார்க்கிறதா, முன்னங்காலை வீசி வைக்கும் தூரம் குறுகுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு, வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இதெல்லாம் முதலில் பிடிக்கவேயில்லை. "வாயில்லாச் சீவனை வண்டில் மாடு மாதிரிப் பூட்டி, என்ன மோனை இது?" என்று போனில் ஏசினார். அடுத்த முறை வீடியோ அழைப்பில் இருக்கும்போது ஹார்னஸை ஆணியிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஜிம்மி ஊளையிட்டு, வட்டம் சுற்றி, தானே தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக் கத்தினாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேருக்கு வடம் பிடிக்கப் போற பெடியள் மாதிரியல்லோ நிக்குது" என்றார்.

கழுவுவது சுலபம். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நிழலில் காயப்போட்டால் சரி. ஹீட்டரின் மேல் வைத்தால் மெத்தை சுருங்கிவிடும். பனி உருக உப்பு போட்ட தெருவில் ஓடிவந்தால் அன்றைக்கே அலசிவிடுங்கள், உப்புக் காய்ந்த பட்டை அரம்போல அராவும். மாதம் ஒருமுறை வளையம் தைத்திருக்கும் இடத்தில் நூல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பாரமும் தொங்குவது அந்த இரண்டு அங்குலத் தையலில்.

ஹார்னஸை நாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள். புறப்படும்போது முதலில் உங்கள் சப்பாத்து நாடாவைக் கட்டுங்கள், அப்புறம் ஹார்னஸை எடுங்கள். நான் ஒருநாள் மாறிச் செய்தேன். குனிந்து இடது காலைக் கட்டி, வலது காலுக்கு வருவதற்குள் ஜிம்மி பக்கப்பட்டையைக் கடித்து இரண்டாக்கிவிட்டாள்.